குந்தி உட்கார்ந்தால்தான் தெரியும்

பளபளப்பான டைல்ஸை ஈரம் படும் இடத்தில் ஒட்டினால் ஒருநாள் இடுப்பு உடையும் என்று எத்தனையோ பேரை நான் பயமுறுத்தியிருக்கிறேன். தரை ஒட்டுவது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலையோடு சேர்த்து ஒரு வகுப்பும் எடுத்துவிட்டுத்தான் வருவேன். என் வீட்டு நடையில் மட்டும், வேறொரு வேலையில் மிஞ்சியது வீணாகிறதே என்று, முகம் தெரிகிற அளவுக்கு மின்னும் டைல்ஸை நானே ஒட்டினேன். அந்த நடையில்தான் என் மீன் தொட்டி இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் சிந்தியது. அதில் நானே வழுக்கி விழுந்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. என் மனைவி இந்தப் பழமொழியை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

இடுப்பு தப்பியது. வலது முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டது. கம்பி வைத்துக் கட்டி, மாவுக்கட்டுப் போட்டு, பிறகு கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடியிருந்தது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கால், சுவரில் சாய்த்து வைத்த பலகை மாதிரி நேராக நின்றது. பயிற்சி செய்யச் செய்யத்தான் மடங்கும், நாள் தள்ளினால் உள்ளே இறுகிவிடும், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மற்ற தொழில்காரனுக்கு இது எப்படியோ, எனக்கு இது சோற்றில் கைவைக்கும் விஷயம். டைல்ஸ் ஒட்டுபவன் நின்று வேலை செய்வதில்லை. காலையில் குந்தினால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். சிமெண்டைப் பரப்புவது, கல்லை வைப்பது, தட்டுவது, தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எல்லாம் குந்தியபடிதான். கோணலைக் கண்டால் எனக்குப் பொறுக்காது என்பதால் வேலை இடத்தில் என் பெயரே ரசமட்டம். குந்த முடியாத ரசமட்டத்தை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசுப் பெண், கனிவாகப் பேசிக்கொண்டே கழுத்தை அறுப்பாள். காலைப் பிடித்து அவள் மடக்கும்போது எனக்கு மறுஜென்மம் வரை தெரிந்தது. அவள் போன பிறகு நானாகச் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. இன்று வீக்கமாக இருக்கிறது, நாளைக்குச் செய்யலாம் என்றேன். நாளைக்கும் அதையே சொன்னேன்.

வலிக்குப் பயந்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் என் பயம் வேறு. முழு மூச்சாக முயன்று, இதற்குமேல் மடங்காது என்று ஒரு கோடு தெரிந்துவிட்டால்? முயலாமல் படுத்திருக்கும் வரை கால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த நம்பிக்கையை விட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிக்லிட் என்றால் பொதுவாகப் பெரிய, முரட்டு மீன்கள். நான் வளர்ப்பது அந்தக் குலத்துக் குள்ளர்கள். ஆண் ஒரு விரல் நீளம், முதுகுத் துடுப்பில் சிவப்புக் கொண்டையும் நீண்ட வாலுமாக மாப்பிள்ளை மிடுக்கோடு திரிவான். பெண் அதில் பாதிதான், சாம்பல் நிறம், பார்த்தால் மறந்துபோகிற முகம். காய்ந்த வாதாம் இலைகளை அடியில் போட்டு, அதன் சாறு இறங்கித் தண்ணீர் பழுப்பாக இருந்தால்தான் இவர்களுக்குப் பிடிக்கும். என் மனைவி அதற்கு வைத்த பெயர் வடிகட்டாத டீ. முட்டையிட இருட்டான குகை வேண்டும். உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒட்டி நான் ஒரு குகை செய்து வைத்திருந்தேன். அதற்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அது பொய்யில்லை.

அந்தத் தொட்டியின் ஸ்டாண்டையும் நான்தான் செய்தேன். முழங்கால் உயரம்கூட இருக்காது. நான் உலகத்தைப் பார்ப்பதே குந்திய உயரத்திலிருந்துதான், அதனால் தொட்டியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நின்று பார்த்தால் விளக்கு மூடிதான் தெரியும். நாற்காலி போடவும் நடையில் அகலம் போதாது. "கொஞ்சம் உசரமா செஞ்சா என்ன? தலையைத் தரையில வச்சாத்தான் மீன் தெரியுமா?" என்று அவள் அன்றே கேட்டாள். "மீனை அது கண்ணுக்கு நேரா பார்க்கணும்மா. மேல நின்னு பார்த்தா அது மீன் இல்ல, குழம்பு" என்று நான் பெரிய மனிதத்தனமாகப் பதில் சொன்னேன். அந்தப் பேச்சையெல்லாம் பிறகு வட்டியோடு திருப்பி வாங்கினேன்.

நான் படுக்கையில் விழுந்ததும் மீன்களுக்குச் சாப்பாடு போடும் வேலை அவளுக்கு வந்தது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்ததும் மேலே நிற்கிற தெளிவின் நிறத்தைப் பார்த்தே, இவருக்குக் காமாலை என்று மெஷினுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். அவள் கண் அப்படிப்பட்டது. அந்தக் கண்ணைத்தான் நான் கேலி செய்தேன்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் முன் நடையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, உங்க பொண்ணு மீன் மஞ்சளா இருக்கு."

"தண்ணியே மஞ்சள்தானே" என்றேன் படுத்தபடி.

"தண்ணி மஞ்சள் வேற. இது வேற மஞ்சள். நேத்து சாம்பலா இருந்துச்சு. கண்ணுகிட்ட கறுப்பா கோடு வேற போட்டிருக்கு."

போனில் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். பழுப்புத் தண்ணீரில் எல்லாமே மஞ்சளாகத்தான் விழுந்திருந்தது, இலை, கல், கண்ணாடியில் தெரிந்த அவள் கை உட்பட. அன்று முழங்கால் வேறு குடைந்துகொண்டிருந்தது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க. லேப்ல பார்க்கிறதையே வீட்லயும் பார்க்கிற" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கற்றிருக்க வேண்டும்.

அவள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான கேஸ் என்றால் முதலில் தனியாக வை, காரணத்தைப் பிறகு பார். அவள் அதைத்தான் செய்தாள். சுத்தமான வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, காற்றுக்குழாய் விட்டு, அந்தப் பெண் மீனை வலையில் பிடித்து அதில் விட்டு, மேலே மெல்லிய துணி போட்டு மூடினாள். எதற்கும் இருக்கட்டும் என்று வாளியின் மேல் லேபிளும் ஒட்டினாள். ஒரு நோயாளிக்கு இதற்கு மேல் மரியாதை செய்ய முடியாது. செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து வாளியைப் பார்த்தவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த மீனைத் தனியா வச்சிருந்தேன். இப்ப மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருக்கு. பிழைச்சிடும்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கறுப்புக் கோடு. நேற்று சாம்பல், இன்று மஞ்சள். இந்த ஜாதியில் பெண் மீன் முட்டையிட்டுவிட்டால்தான் அப்படி மாறும். மாதக்கணக்கில் நான் குந்தியிருந்து எதிர்பார்த்த மஞ்சள் அதுதான். குகைக்குள் முட்டை இருக்கும், தாய் விசிறிக்கொண்டே காவல் இருப்பாள். காவலை எடுத்துவிட்டால் தொட்டியில் கூட இருக்கும் சிறு மீன்களுக்கு அது பந்தி.

"குகையோட கூரையைப் பாரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். "உள்ள ஒண்ணுமில்ல. கூரையில சிவப்பா ரெண்டு மூணு புள்ளி ஒட்டிட்டு இருக்கு. குண்டூசித் தலை மாதிரி."

அது என்ன என்று நான் சொன்னேன். அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் கேட்டேன்ல" என்றாள் திரும்பி வந்து. கண் சிவந்திருந்தது. "மஞ்சளா இருக்குன்னு சொன்னேன்ல. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் என்ன சொன்னேன் என்பது இருவருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். அந்தச் சரி சரியாக இல்லை.

அதன் பிறகு வீட்டில் மீன் பேச்சு நின்றது. பெண் மீன் தொட்டிக்குத் திரும்பிச் சாம்பலாகவே திரிந்தது என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். வேலை இடத்திலிருந்து என் கூட்டாளி போன் செய்தான். பெரிய கூடம் ஒன்று வருகிறதாம், மூலைக்கு மூலை கோடு சேர வேண்டிய வேலையாம், என்னை விட்டால் ஆள் இல்லையாம். வந்துடறேன் என்றேன். "வர்றது இருக்கட்டும் ரசமட்டம், உட்கார முடியுதா?" என்றான். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் பிரமாதமாக இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் என் முழங்காலை அளந்துவிட்டு, கனிவெல்லாம் விட்டுவிட்டுப் பேசினாள். "அங்கிள், போன தடவை இருந்த இடத்துலயேதான் இருக்கு. நான் மடக்கிவிடறது வழி காட்டறதுக்குத்தான். நடக்க வேண்டியது நீங்க. இப்படியே விட்டா இது இப்படியே நின்னுடும்."

அவள் போனதும் மனைவி உள்ளே வந்து என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நடையில் சத்தமே இல்லை.

"என்ன பண்ற?" என்று கேட்டேன்.

"சும்மாதான். உட்கார்ந்திருக்கேன்."

தொட்டி முன்னால் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மறுநாளும் உட்கார்ந்தாள். "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டால், "தெரியறது தெரியுது" என்றாள். படம் எடுத்துக் காட்டு என்றேன். "படத்துல எல்லாம் மஞ்சளாத்தான் விழும். அப்புறம் எனக்குக் காமாலைன்னு சொல்வீங்க" என்றாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நானே நடைக்குப் போனேன். விளக்கு மூடியும் அதன் ஓரத்தில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீரும் தெரிந்தன. குழம்பு.

தரையில் உட்காரவை என்று கேட்டுப் பார்த்தேன். "உட்கார வச்சிடுவேன். தூக்கறதுக்கு நான் என்ன கிரேனா?" என்றாள். நியாயம்தான். மடங்காத காலோடு கீழே போனவனை மேலே கொண்டுவர இரண்டு ஆட்கள் வேண்டும்.

அன்று நான் பயிற்சி தொடங்கினேன். ரோஷம்தான், வேறொன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் மிஞ்சிய டைல்ஸ் கிடந்தது, என்னைத் தள்ளிவிட்ட அதே ஜாதி. அதில் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் துணி வைத்துப் பின்னால் இழுத்தேன். வழுக்கும் குணம் அதற்கு ஒருமுறையாவது நல்லதுக்குப் பயன்படட்டும். குதிகால் போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடு போட்டால்தான் எனக்கு வேலை ஓடும். அடுத்த தடவை கோட்டைத் தாண்டியது ஒரு நூல் அளவு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் நான் பயந்த அந்தக் கடைசிக் கோடு அங்கே இல்லை. அதற்கு அடுத்த கோடுதான் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் வந்து டைல்ஸில் வரிசையாக இருந்த கோடுகளைப் பார்த்தாள். "இது என்ன அங்கிள், தரை ஒட்டப்போறீங்களா?" என்றாள். பிறகு முழங்காலை அளந்தவள் இன்னொரு முறை அளந்தாள்.

இதற்கிடையில் ஒரு காலை மனைவி மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"பொரிஞ்சு நீந்த ஆரம்பிச்ச குஞ்சுங்களுக்கு என்ன சாப்பாடு போடணும்?"

இழுத்துக்கொண்டிருந்த குதிகாலை அப்படியே நிறுத்தினேன்.

"எத்தனை?" என்றேன்.

"எண்ண முடியல. கூட்டமா போகுது. இந்தத் தடவை மஞ்சளைப் பார்த்ததும் நான் கையைக் கட்டிக்கிட்டேன்."

சந்தோஷத்தை மறைக்க வேண்டி மளமளவென்று சொன்னேன். உப்புத் தண்ணீரில் பொரிக்க வைக்கும் நுண் இறால் முட்டை அலமாரியில் இருக்கிறது, பொரித்த இறாலை நல்ல தண்ணீரில் அலசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் பக்கத்தில் விட வேண்டும். நான் செய்தால் தொட்டி முழுக்கக் கொட்டிவிடுவேன். அவள் லேபில் பயன்படுத்துவது போன்ற சொட்டுக்குழாய் ஒன்றை வாங்கி வந்து, சொட்டுச் சொட்டாக, குஞ்சுகளின் வாய்க்கு நேராக விட்டாள். விடும்போது வேலையிடத்துப் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள் போல. நடையில் அந்த நேரம் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

பிறகுதான் அந்தச் சாயங்காலம் வந்தது. வேலையிலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல், தொட்டியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஆண் மீனோட வால் கிழிஞ்சிருக்கு. அவதான் கடிச்சிருக்கா. அவனை வெளியே எடுக்கணுமா?"

இது லேசான கேள்வி இல்லை. குஞ்சு வைத்திருக்கும் தாய், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆணைத் துரத்துவாள். சில சமயம் எல்லையைக் காட்டத் துரத்துவாள், அதோடு விட்டுவிடுவாள். சில சமயம் கொன்றே போடுவாள். அப்போது அவனை உள்ளேயே விட்டு வைத்தால் அவன் செத்துப்போவான். தேவையில்லாமல் வலையை விட்டு அவனைப் பிடித்தாலோ, தாய் மிரண்டு குஞ்சுகளையே தின்றுவிடலாம். இரண்டுக்கும் வித்தியாசம், அவன் ஒதுங்கியிருக்கிறானா ஒடுங்கியிருக்கிறானா என்பதில் இருக்கிறது. அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. துடுப்பு விரிந்திருக்கிற விதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"எப்படி இருக்கான் சொல்லு" என்றேன்.

"மூலையில இருக்கான். அசையறான். எனக்கு என்ன தெரியும்?" பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போன தடவை நானா முடிவு பண்ணி எல்லாம் போச்சு. இந்தத் தடவை என்னால முடியாதுங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதைச் செய்யறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை, பழிவாங்கல் இல்லை. பயந்திருந்தாள். அந்த முட்டைகள் போன நாளிலிருந்து அவள் எவ்வளவு சுமந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு பழமொழிக்காக.

ஊன்றுகோலை எடுத்தேன். நடைக்கு வந்து அதைச் சுவரில் சாய்த்தேன். ஸ்டாண்டின் விளிம்பை ஒரு கையால் பிடித்தேன், மறு கையை அவள் பிடித்துக்கொண்டாள். இடது கால் தன்னால் மடங்கியது. வலது கால் கோடு வரை வந்தது. டைல்ஸில் நான் கடைசியாகப் போட்ட கோடு எங்கே என்று முழங்காலுக்குத் தெரிந்திருந்தது, அங்கே நின்று அடம்பிடித்தது. "மெதுவா" என்றாள் அவள். மெதுவாகத்தான். உள்ளே ஏதோ இறுக்கம் ஒன்று விடுவது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விளக்கு மூடி என் தலைக்கு மேலே இருந்தது.

முழுசாகக் குந்தவில்லை. வலது குதிகால் தரையில் படவில்லை, பாதி உடம்பு அவள் தோளில் இருந்தது. ஆனால் கண் வர வேண்டிய உயரத்துக்கு வந்துவிட்டது.

பழுப்புத் தண்ணீருக்குள் தாய் மீன் இருந்தாள், எலுமிச்சைப் பழ மஞ்சளில். அவள் வயிற்றுக்கு அடியில், உதிர்ந்த இலை ஒன்றின் மேல், மிளகுப் பொடியைத் தூவியது போலக் குஞ்சுகள். அவள் உடம்பை ஒரு வெட்டு வெட்டினாள், அத்தனையும் சட்டென்று இலையோடு அடங்கின. இன்னொரு வெட்டு, மறுபடி எழுந்தன. நான் எத்தனையோ மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

"அவனைப் பாருங்க" என்று மனைவி தோளை அசைத்தாள்.

அவன் தொட்டியின் மறுகோடியில் இருந்தான். நீண்ட வால் ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்தது. ஆனால் துடுப்பு மடங்கவில்லை, கொண்டை விரிந்தே இருந்தது. தொட்டியில் சிறு மீன்கள் கொஞ்சம் உண்டு, குஞ்சு என்றால் அவற்றுக்குப் பலகாரம். அவற்றில் ஒன்று மெல்ல இலைப் பக்கம் நகர்ந்ததும் கிழிந்த வாலோடு பாய்ந்து அதை விரட்டிவிட்டு, மறுபடி தன் மூலைக்குப் போய் நின்றான். தாய் திரும்பிப் பார்த்தாள், கடிக்கவில்லை.

"எடுக்க வேண்டாம்" என்றேன். "அவன் ஒளியல. காவல் காக்கிறான்."

அவள் தேக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். என் தோளில் அவள் கன்னம் சாய்ந்தது. பிறகு அவளுக்குப் பழைய வாய் வந்துவிட்டது.

"வால் கிழிஞ்சாலும் வேலைக்குப் போறான் பாருங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முழங்கால் வலித்தது, வலித்தும் அது மடங்கியபடியே இருந்தது. தொட்டியின் தண்ணீர் மட்டம் என் கண்ணுக்கு நேராக, நூல் பிடித்தது போல ஓடியது. நாளைக்குக் கூட்டாளிக்கு நானே போன் செய்ய வேண்டும். அந்தக் கூடத்துக்குப் பளபளப்பு வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

"சரி, இறங்கியாச்சு. எப்படி எழுந்திருக்கப் போறீங்க?" என்றாள். "நான் கிரேன் இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

தாய் உடம்பை வெட்டினாள், குஞ்சுகள் எழுந்தன.

"எழுந்திருக்க இப்ப என்ன அவசரம்?" என்றேன்.